பல்லோடு பல் படாமல் இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 36. நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. நான்கு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலிக்கிறது. வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறது. தாடை மூட்டுக் கோளாறு என்று பல் மருத்துவர் சொன்னார். காலையில் எழுந்தால் கன்னம் கல்லாக இறுகிக் கிடக்கிறது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. எப்படித் தளர்த்துவது?

பதில்: இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால், வலிக்கான காரணத்தில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் பற்களுக்கு நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வேலையில் மூழ்கும்போது பலர் தங்களை அறியாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். தூக்கத்திலும் அது தொடர்ந்தால் விடிகாலையில் கன்னம் இறுகிப்போகும்.

கன்னத்தின் பின்பக்கம், தாடை வளையும் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். உருண்டையாகப் புடைக்கிறதே, அதுதான் மெல்லும் தசை. நெற்றிப்பொட்டிலும் அதற்கு ஒரு துணைத் தசை உண்டு. ஓய்வே கிடைக்காமல் சோர்ந்துபோன இந்தத் தசைகள்தான் உங்களுக்கு வலிக்கின்றன என்று நினைக்கிறேன். 'டக்' சத்தம், மூட்டுக்குள் இருக்கும் சிறு வட்டு நழுவித் திரும்புவதால் வருவது. வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் அதற்கு வைத்தியமே வேண்டாம்.

கழுத்து ஏன் பிடிக்கிறது? திரையை நோக்கித் தலை முன்னே நீளும்போது அதன் பாரம் முழுவதையும் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, முகத்தின் வலியைக் கொண்டுபோகும் நரம்பும் மேல்கழுத்து நரம்புகளும் மூளையின் அடித்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் கழுத்து வலி தாடையிலும், தாடை வலி கழுத்திலும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் வேலை, தாடையை ஓய்வில் வைக்கப் பழகுவது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தை லேசாகத் தொட்டிருக்கட்டும். திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளி ஒட்டிவையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தி, தோளை இறக்கிவிடுங்கள். எளிதாகத் தெரிகிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருந்தைவிட இதுதான் நிலைத்த பலன் தரும்.

காலையிலும் இரவிலும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பிறகு கன்னத்தின் மெல்லும் தசையைச் சுற்றுச்சுற்றாக மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். நாக்கு அண்ணத்தை விட்டு விலகாமல் வாயை மெதுவாகத் திறந்து மூடுவதை 6 தடவை செய்யுங்கள். மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 நொடி வைத்திருப்பது கழுத்துக்கான பயிற்சி. வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். கழுத்தை 'மளுக்'கென்று திருப்பிச் சொடுக்கு எடுக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

கொஞ்ச நாள் மென்மையான உணவே போதும், சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்காதீர்கள். வலிமாத்திரையை மருத்துவரைக் கேட்டுச் சில நாள் மட்டும் சாப்பிடலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளாலும் பல் கடிப்பது வரக்கூடும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். இரவில் போடும் பல் உறை பற்களைத் தேயாமல் காக்கும், கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்தாது. கடியைச் சரிசெய்கிறேன் என்று யாராவது நல்ல பல்லை ராவச் சொன்னால், இன்னொரு மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ராவிய பல் திரும்ப வராது.

ஆறு வாரத்திலும் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். வாய் இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்காமல் பூட்டிக்கொண்டாலோ, வீக்கம், காய்ச்சல், முகத்தில் மரத்துப்போதல் இருந்தாலோ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். நடக்கும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்கள் வீட்டில் 50 வயது தாண்டியவர் யாருக்காவது மெல்லும்போது தாடை வலியும் புதிதாகப் பொட்டில் தலைவலியும் சேர்ந்து வந்தால், பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு. அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.