இங்கிலிஷ் பாடப்புத்தகம் வேலைக்குக் காணுமோ?

கொக்குவிலில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகள் ஓ.எல். எழுதிப்போட்டு நிக்கிறாவாம், பள்ளிக்கூட இங்கிலிஷ் புத்தகத்தில வேலைக்குக் கடிதம் எழுதுறது, படிவம் நிரப்புறது எல்லாம் படிச்சவவாம், அது காணுமோ, இல்லாட்டி டவுனில ஒரு இடத்தில 'ஜொப் இங்கிலிஷ் டிப்ளோமா' எண்டு 45,000 ரூபா கேக்கினம், சேர்க்கட்டோ எண்டு.

இப்போதைக்குக் காசைக் கட்டாதேங்கோ அம்மா. புத்தகத்தில இருக்கிற கடிதம் சரியான கடிதம்தான். ஆனா பரீட்சையில மார்க்ஸ் எழுத்துக்குத்தானே, கதைக்கிறதுக்கு இல்லை, அதால வகுப்பிலயும் கதைக்க விடாயினம், கடிதத்தைப் பாடமாக்கு எண்டுதான் சொல்லுவினம், எத்தினை வருசமா இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைஞ்சு போச்சு.

நான் ஒருக்கா ஒரு கடைக்கு ஆள் எடுக்கேக்க இன்டர்வியூவில இருந்தனான். வந்த கடிதங்களில ஏழு, எழுத்துப்பிழை உட்பட ஒரே கடிதம், எல்லாம் ஒரே ரியூட்டறிப் பிள்ளையள். அதில ஒரு பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்க நான் இடையில 'வீடு எங்க' எண்டு கேட்டன், பாவம், திரும்ப 'மை நேம் இஸ்' இல இருந்து தொடங்கிச்சுது.

பேப்பரில வாற உண்மையான விளம்பரம் ஒண்டை வெட்டி மகளிட்டக் குடுங்கோ. அதில என்ன கேட்டிருக்கோ அதுக்கு மட்டும் ஒவ்வொரு வரி எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை எண்டு போட்டிருந்தா 'ஐ கேன் வேர்க் ஒன் சண்டேய்ஸ்' எண்ட வரிதான் முதலாளிக்கு வேணும், 'ஹார்ட்வேர்க்கிங் அண்ட் பங்க்சுவல்' எண்டு எல்லாரும்தான் எழுதினம். பிறகு எழுதினதைப் பார்க்காமல் உங்களுக்கு முன்னால சொல்லட்டும், நீங்கள் குறுக்க குறுக்க தமிழிலயே கேள்வி கேளுங்கோ, அவ இங்கிலிஷில சொல்லட்டும்.

ஒண்டு மட்டும் வேற மாதிரி, அரசாங்க வேலை. அதுக்கு இந்தக் கடிதமும் சரிவராது, வடிவான சீவியும் சரிவராது. அரசாங்க வேலைக்கு அறிவித்தல் போடுற, வெள்ளிக்கிழமை வாற வர்த்தமானி தமிழிலயும் வரும், அறிவித்தலோட மாதிரி விண்ணப்பப் படிவம் இருந்தா அதே ஒழுங்கில, இலக்கம் மாறாமல் தயாரிக்க வேணும். அனேகமா கடித உறையின்ர இடப்பக்க மேல் மூலையில பதவியின்ர பேரை எழுதிப் பதிவுத் தபாலில அனுப்பச் சொல்லுவினம். முடிவுத் திகதிக்கு அங்க போய்ச் சேர வேணும், அண்டைக்குத் தபாலில போட்டால் காணாது. படிவம் நிரப்பித் தாறம் எண்டு காசு கேக்கிற ஆக்களும் திரியினம், அவையும் அதே படிவத்தைப் பார்த்துத்தான் நிரப்பினம், அதுவும் பிழையா.

இனி அந்த டிப்ளோமா. 'கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்ட்' எண்டு போர்டில போட்டிருப்பினம். கொம்பனியாப் பதிஞ்சதையும் அப்பிடித்தான் சொல்லுவினம், கவனம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின்ர பதிவு இலக்கத்தைக் கேளுங்கோ. இடம் பதிஞ்சிருந்தாலும் நீங்கள் சேர்க்கிற அந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ, அதுதான் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், குடுப்பினமோ, எத்தினையாம் மட்டம் எண்டு தனியாக் கேளுங்கோ. 'வேலை நிச்சயம்' எண்டு சொன்னா எந்தக் கடை, எவ்வளவு சம்பளம் எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ. எனக்குத் தெரிய ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை.