பாலிஹவுஸ் தக்காளியில் அடி கறுத்தல்: மருந்தை நிறுத்துங்கள்

வணக்கம். ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் தென்னைநார்ப் பைகளில் தக்காளி, சொட்டுநீரில் உரக்கரைசல், இசி (கரைசலில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் எண்) 3.5, காய்களின் அடியில் கறுப்பாகத் தோல் அமுங்குகிறது, பூஞ்சாண மருந்து அடித்தும் நிற்கவில்லை என்கிறீர்கள்.

மருந்தை நிறுத்துங்கள், காசுதான் வீண். இது பூஞ்சாணம் இல்லை; காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராத குறை. கால்சியம் நைட்ரேட் போடுகிறேனே என்பீர்கள். சரி, ஆனால் கால்சியம் நீரோட்டத்தோடுதான் ஏறும். வெயிலில் இலைகளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், காய்க்குக் கிடைப்பது சொற்பம். உப்பும் கூடினால் வேர் தண்ணீர் எடுக்கவே திணறும்.

3.5 என்பது உள்ளே போகும் கரைசலின் அளவு. பையின் அடியில் வடியும் நீரை ஒரு தம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். இசி 5-ஐத் தாண்டினால் உப்புக் கூடியதுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். வெயில் குறையும்வரை கரைசலை 2 முதல் 2.5-க்கு இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விடுங்கள். விட்டதில் கால் பங்காவது வடியட்டும்.

அப்புறம், உரத்தொட்டியின் அடியைத் துழாவிப் பாருங்கள். வெள்ளைச் சேறு இருந்தால் கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் உரங்களையும் ஒரே தொட்டியில் அடர்த்தியாகக் கரைத்திருக்கிறீர்கள். கால்சியம் எளிதில் கரையாத ஜிப்சமாகப் படிந்துவிட்டது, செடிக்குப் போகாது. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி கட்டாயம்.

கறுத்த காய்கள் தேறாது, பறித்துப் போடுங்கள். இலையில் கால்சியம் தெளிப்பதை நம்பாதீர்கள், அது இலையிலிருந்து காய்க்கு நகராது. கரைசலின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) எவ்வளவு என்று எழுதவில்லையே? வடிநீர் அளவோடு அதையும் போடுங்கள், பார்க்கலாம்.