ஆகஸ்டில் பாரிஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோடை விடுமுறைக்குப் பாரிஸ் வரவிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு, இந்த ஊரில் பல வருடங்களாகக் குடியிருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஆகஸ்டில் பாரிஸே மூடிக் கிடக்குமாமே? பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம், தாராளமாக வாருங்கள். ஈபிள் கோபுரம், லூவர் அருங்காட்சியகம் எல்லாம் திறந்துதான் இருக்கும். மூடுவது தெருமுனை ரொட்டிக்கடையும் சின்னச் சின்ன உணவகங்களும்தான். என்றைக்குத் திறப்போம் என்று கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கடற்கரைக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுவார்கள். முன்பெல்லாம் ரொட்டிக்கடைகள் பாதி ஜூலையிலும் பாதி ஆகஸ்டிலும் முறை வைத்துத்தான் மூட வேண்டும். 2015 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் வந்து இறங்கியதுமே, பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 இங்கேயும் அரசு விடுமுறை, மாதா விண்ணேற்புத் திருநாள்.

எழுபது வயது அம்மாவை அழைத்து வருகிறோம். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வெயில் ஒரு பொருட்டா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 2019 ஜூலை 25 அன்று இங்கே 42.6 டிகிரி. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸ் முழுவதும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். வெயிலை விட வீடுதான் ஆபத்து. துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்குக் கீழே இருக்கும் மேல்மாடி அறை ராத்திரியிலும் அனலடிக்கும். பல வீடுகளில் மின்விசிறிகூட இருக்காது. வாடகை குறைவு என்று அந்த அறையை எடுக்காதீர்கள். ஏசி உண்டா என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மதியம் சேன் சுல்பீஸ் மாதிரி ஒரு பழைய தேவாலயத்துக்குள் அம்மாவை உட்கார வையுங்கள், கல் கட்டடம் குளுகுளுவென்று இருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், அதனால் சாயங்காலம் நிதானமாகச் சுற்றலாம். தெருவில் பச்சை நிற வாலஸ் குழாய்களைப் பார்ப்பீர்கள், 1872-இலிருந்து இருப்பவை. அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம்.

லூவர் எந்த நாளில் போகலாம்?

செவ்வாய் மூடல். புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை உண்டு, அந்த மாலைகளில் போங்கள். மாதத்தின் முதல் வெள்ளி மாலை இலவசம் என்று படித்திருப்பீர்கள்; ஜூலை, ஆகஸ்டில் அது கிடையாது. ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

சேன் நதியில் குளிக்கலாமா அண்ணி? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

1923-இல் போட்ட தடை 2025 கோடையில்தான் நீங்கியது. குறிப்பிட்ட இடங்களில் மட்டும், உயிர்காப்பாளர்கள் கண்காணிப்பில், இலவசமாகக் குளிக்கலாம். பலத்த மழை பெய்தால் மூடிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் வில்லெத் வாய்க்காலில் கோடையில் அமைக்கும் குளமே நல்லது.

வாரச் சீட்டு எடுக்கலாமா?

மெட்ரோ, பேருந்துக்கான நவிகோ வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. வியாழன் வந்து இறங்குபவருக்கு அது நஷ்டம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? தேர்த் திருவிழா உண்டு என்றும் கேள்விப்பட்டோம்.

லாச்சப்பலுக்கு வாருங்கள், தோசையும் இட்லியும் கிடைக்கும். ஈழத்திலிருந்து வந்தவர்கள் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு அது. 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கேதான். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் ஓடும். தேர் வருமுன்னே தெருவில் தேங்காய்களை மலைபோல் குவித்து உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்க வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மனசு நிறைந்துவிடும். அன்று லாச்சப்பல் மெட்ரோவில் நெரிசல் அதிகம். கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடுங்கள், பத்து நிமிடம்தான்.