உப்பிய டின்களுக்குச் சீல் வைத்துவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: சிறு மளிகைக் கடை நடத்துகிறேன். அன்னாசித் துண்டு டின்கள் சில உப்பியிருந்ததால், உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துக்கொண்டு, மூன்று பெட்டிகளுக்கும் சீல் வைத்து என் கடையிலேயே விட்டுச் சென்றார். மொத்த வியாபாரி, "திருப்பி அனுப்புங்கள், புதுச் சரக்கு தருகிறேன்" என்கிறார். இன்னொருவர், பணம் கொடுத்தால் விடுவித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்தப் பெட்டிகளில் கை வைக்காதீர்கள். கைப்பற்றிய பொருளை அனுமதியின்றி நகர்த்தினால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மொத்த வியாபாரி உங்கள் நஷ்டத்துக்காக உருகுவதாக நினைக்கிறீர்களா? சரக்கு போய்விட்டால் அவருக்கு எதிரான சாட்சியமும் போய்விடும். மாட்டிக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.

தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சீலை அகற்றும் அதிகாரம் அவருக்கு ஏது? மாதிரியின் ஆய்வக அறிக்கை சாதகமாக வந்தால், தானே கிடைத்ததைத் தன்னால் கிடைத்தது என்பார். ஆய்வறிக்கையை 14 நாட்களில் தர வேண்டும் என்கிறது சட்டம். தாமதமானால் கடைக்காரர் யாரைக் கேட்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. இந்த ஆட்களுக்குப் பிழைப்பு தருவதே அந்த மௌனம்தான்.

அன்னாசியின் அமிலம் தகரத்தை அரித்து வாயு சேர்ந்தாலும் டின் உப்பும். கிருமி பெருகினாலும் உப்பும். வெளியே பார்த்துப் பிரித்தறிய முடியாது. திறந்து ருசி பார்க்கும் வேலை வேண்டாம்.

மொத்த வியாபாரி தந்த பில்லைத் தேடி எடுங்கள். சட்டப்படி அந்த பில்லே அவர் தந்த உத்தரவாதமாகக் கருதப்படும். துண்டுச் சீட்டில் வாங்கியிருந்தால் உங்கள் பாடு கஷ்டம்தான்.

ஆனால் டின்கள் காலாவதியாகியிருந்தால் பில் காப்பாற்றாது. காலாவதியான பொருளை விற்பதற்குப் பொறுப்பு விற்பவருடையதே. அட்டைப் பெட்டியில் உள்ள தேதியை நம்பாதீர்கள். டின்னின் மேலேயே அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். பழைய டின்களைப் புதுப் பெட்டியில் அடைத்து அனுப்புவோர் உண்டு, தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவோரும் உண்டு. சீலைத் தொடாமல், அலமாரியில் அதே சரக்கு மிச்சமிருந்தால் அதைச் சோதித்துத் தனியே எடுத்து வையுங்கள், விற்காதீர்கள்.

அறிக்கை பாதகமாக வந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் (உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு நிர்வாகப் பொறுப்பாளர்) படிவம் 8இல் மேல்முறையீடு செய்யலாம். தபால் வந்த தேதியை அந்த உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.