பாதி நாவலை யாரிடம் காட்டுவது?

வணக்கம் சார்,

தூத்துக்குடி உப்பளங்களை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆச்சி அளத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அம்மாவும் கூடப் போயிருக்கிறார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை.

என்னைப் போல எழுத ஆரம்பித்திருக்கும் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு அத்தியாயம் கூகுள் டாக்ஸில் போடுவோம். மற்றவர்கள் ஓரத்தில் கருத்து எழுதுவார்கள். ஒன்பது அத்தியாயம் ஆகிவிட்டது, ஆனால் ஏழாவதில் மாட்டிக்கொண்டேன். ஆச்சி அளத்தில் ஒரு நாள் முழுக்க வேலை பார்ப்பதுதான் அந்த அத்தியாயம். "கதை நகரவே இல்லை, வெட்டுங்கள்" என்கிறார் ஒருவர். "இதுதான் நாவலின் உயிர்" என்கிறார் இன்னொருவர். வட்டார வழக்கைக் குறைக்கச் சொல்கிறார் மூன்றாமவர். நான்கு முறை திருத்திவிட்டேன். இப்போது அதில் எது என் எழுத்து என்றே தெரியவில்லை. குழுவிலிருந்து விலகிவிடலாமா? ஒன்பது அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

விலக வேண்டாம். அத்தியாயம் போடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

ஆளுக்கொரு கருத்து வருவதால் குழம்பிவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டச் சொன்னவரும் உயிர் என்றவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படிப்பவருக்குக் கதை நகரவில்லைதான். ஆச்சியின் அந்த ஒரு நாள் நாவலுக்கு எதற்கு என்பது இருபதாவது அத்தியாயத்தில் தெரிய வரலாம். அதை நீங்கள் இன்னும் எழுதவே இல்லை. இல்லாத அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து அவர் எப்படிக் கருத்து சொல்ல முடியும்?

வாரம் ஒரு அத்தியாயம் என்பது நமக்கு ரொம்பப் பழகிய படிப்பு. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு வாராவாரம் எழுதினார். வந்தியத்தேவன் எங்கேயாவது சிக்கிக்கொள்ள வேண்டும், அடுத்த வாரம் தப்பிக்க வேண்டும். தொடர்கதை என்று தெரிந்தே, அதற்கான கட்டுமானத்தோடு எழுதப்பட்டது அது. அந்த வடிவத்தின் மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எழுத உட்கார்ந்தது தொடர்கதை இல்லையே. உங்கள் ஒன்பது அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். முதல் ஆறு அத்தியாயங்கள் அவசரமில்லாமல் போகின்றன, நன்றாகவே இருக்கின்றன. எட்டாவதன் கடைசி வரியில் ஒரு லாரி மோதுகிறது. ஒன்பதாவதன் கடைசி வரியில் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது. ஏழாவதுக்கு "நகரவில்லை" என்று வாங்கியதற்குப் பிறகு எழுதியவை இவை, இல்லையா? "செம, அடுத்தது எப்போ?" என்று குழுவில் வந்திருக்கும். அந்த லாரியை நீங்கள் கொண்டுவரவில்லை, குழு கொண்டுவந்துவிட்டது.

குழுவினர் மேல் தப்பில்லை. கூகுள் டாக்ஸின் ஓரம் காலியாக இருந்தால் படிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தே எல்லோரும் எதையாவது எழுதுவார்கள். நாளைக்கு அவர்களுடைய அத்தியாயத்துக்கு நீங்கள் எழுத வேண்டும் அல்லவா, மொய் மாதிரிதான். தவிர, எழுதுகிறவர் இன்னொருவர் எழுத்தைப் படிக்கும்போது, தான் இதை எப்படி எழுதியிருப்போம் என்றுதான் படிக்கிறார். நானும் அப்படித்தான் படிப்பேன். வழக்கைக் குறைக்கச் சொன்னவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்தாளர் கி.ரா. கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வியரைக் காட்டி நீங்கள் மறுக்கலாம். 'தி மார்ஷியன்' நாவலை அவர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் வெளியிட்டார். வாசகர்கள் தவறுகளைச் சுட்டிக்காட்டினார்கள், திருத்தினார். பிறகு 99 சென்ட் விலையில் கிண்டில் மின்னூலாகப் போட்டார், 2014இல் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்த வாசகர்கள் எதைத் திருத்தினார்கள் என்று பாருங்கள். வேதியியலை, கணக்கை. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் தண்ணீர் தயாரிப்பது அறிவியல்படி சரியா என்பதற்குச் சரி, தப்பு என்று விடை உண்டு. அந்த மாதிரிக் கேள்விகளைப் பாதியிலேயே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

இங்கேதான் உங்கள் குழு உங்களைக் கைவிட்டுவிட்டது. ஏழாவது அத்தியாயத்தில் ஆச்சி ஐப்பசி மாதம் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார். நான்கு முறை திருத்தியும் ஐப்பசி அப்படியே இருக்கிறது, பதினோரு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வடகிழக்குப் பருவமழையில் அளத்தில் உப்பு எங்கே விளையும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வேலையே இருக்காது. இப்போது அந்த மாதங்களுக்காகத்தான் அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. ஆச்சி காலத்தில் அதுவும் கிடையாது. அப்போது அந்த வீடு எப்படி ஓடியது? கடன் யாரிடம் வாங்கினார்கள்? தை பிறந்து அளம் திறந்ததும் அந்தக் கடன் கூலியில் எப்படிக் கழிந்தது? உங்கள் நாவலில் மழைக்காலமே இல்லை. லாரி மோதாமலே ஒரு குடும்பம் ஆட்டம் காண்கிற மூன்று மாதத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் கடிதம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை உங்கள் அம்மா ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த அத்தியாயத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "இப்படித்தான் நடக்குமா?" என்று கேளுங்கள். ராஜம் கிருஷ்ணன் உப்பளத்தைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதுவதற்கு முன் தூத்துக்குடிக்குப் போய் அளத்துத் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். உங்களுக்கு அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

அப்படியென்றால் குழு எதற்கு? டோல்கீன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிக்கொண்டிருந்த வருடங்களில் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய எழுத்தாள நண்பர் சி.எஸ். லூயிஸின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் நண்பர்கள் கூடுவார்கள். அங்கே டோல்கீன் பாதி நாவலைத்தான் படித்துக் காட்டினார். நான் சொல்வதற்கு நேர் எதிர். கேட்டவர்களில் ஒருவருக்கு அந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. ஆனால் டோல்கீனைப் பற்றி லூயிஸ் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியது இது: விமர்சனம் சொன்னால் அவர் ஒன்று முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுவார், இல்லையென்றால் காதிலேயே வாங்கமாட்டார். டோல்கீனும் லூயிஸுக்குப் பட்ட கடன் என்று சொன்னது திருத்தங்களை இல்லை, ஊக்கத்தை. அது மட்டும் இல்லையென்றால் முடித்தே இருக்கமாட்டேன் என்றார். அவ்வளவு பிடிவாதம் இருந்தால் நீங்களும் பாதியிலேயே காட்டுங்கள். நான்கு முறை திருத்தியதைப் பார்த்தால் இன்னும் அது வரவில்லை என்று தோன்றுகிறது.

அதனால் குழுவில் இருங்கள். இந்த வாரம் எத்தனை பக்கம் எழுதினேன் என்று போடுங்கள், எழுத வரவில்லை என்றால் புலம்புங்கள். மற்றவர்களுடைய அத்தியாயங்களைப் படித்துக் கருத்து சொல்லுங்கள், ஆனால் ஓரத்தைக் காலியாக விடவும் பழகுங்கள். நாவல் முடிந்த பிறகு முழுப் பிரதியை இரண்டு மூன்று பேருக்குக் கொடுங்கள். அதில் ஒருவராவது எழுதாதவராக, சும்மா படிக்கிறவராக இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், மறுபடி எப்போது எடுத்தீர்கள் என்பதை மட்டும் அவர்களிடம் கேளுங்கள். காரணமும் பரிகாரமும் வேண்டாம், அது உங்கள் வேலை.

ஏழாவதன் முதல் வடிவம் கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். அதை எடுத்து ஐப்பசியைப் பங்குனியாக்கிவிட்டு அப்படியே வையுங்கள். லாரியையும் கடிதத்தையும் என்ன செய்வதென்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பத்தாவது அத்தியாயத்தை மழையில் ஆரம்பியுங்கள்.