பத்தாம் வகுப்பு வரலாற்றில் ‘சி’ வந்தால் என்ன செய்வது?

தம்பி, காங்கேயத்திலிருந்து டெக்சாஸ் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஊரில் சமூக அறிவியலில் 98 வாங்கிய பையன் இங்கே உலக வரலாற்றில் ஆதிமனிதர் பாடத்திலேயே ‘சி’ வாங்கிவிட்டான், ட்யூஷன் வைப்பதா, ஏபி வகுப்புக்கு (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் வகுப்பு) மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் லீவில் சென்னிமலை வந்திருக்கிறேன், திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஏபிக்கு மாற்றினால் இந்தப் பாடமே வராது. டெக்சாஸில் சாதாரண வகுப்பு கி.மு. 8000 வாக்கில் ஆரம்பிக்கும், ஏபி வேர்ல்ட் இப்போது கி.பி. 1200-லிருந்துதான். ஆனால் எழுதுகிற வேலை அங்கே இன்னும் ஜாஸ்தி, தப்பிக்கலாம் என்று மாற்றாதீர்கள்.

ட்யூஷனும் வேண்டாம். என் மூத்த மகளுக்கு நானே வாத்தியார் வேலை பார்த்துக் கெடுத்தேன். பழைய கற்காலம், புதிய கற்காலம், வேறுபாடு பத்து என்று அட்டவணை போட்டு உருப்போட வைத்தேன். வந்த கேள்வி, விவசாயத்துக்கு மாறியது மனிதர்களுக்கு நல்லதா கெட்டதா, ஆதாரத்தோடு வாதிடு என்பது. அவள் பத்தையும் வரிசையாக எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் ஓரத்தில் “சரி, அதனால் என்ன?” என்று மட்டும் எழுதியிருந்தார்.

காடுகரை வைத்திருக்கும் நமக்கு அந்தக் கேள்வியே ஒரு மாதிரிதான் இருக்கும். எங்கப்பாவிடம் போனில் சொன்னதற்கு, “அப்புறம் அந்த டீச்சரு மத்தியானம் எதைத் திங்குதாமா?” என்றார். ஆனால் இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது. பல இடங்களில் ஆரம்பகால விவசாயிகளின் எலும்புக்கூடுகள் அதற்கு முந்தைய வேட்டைக்காரர்களுடையதைவிடக் குட்டை, தானியம் தின்று பல் சொத்தையும் அதிகம். மறுபக்கம், ஓரிடத்தில் தங்கியதால் பிள்ளைகுட்டி பெருகியது, தானியம் மிஞ்சியது, துருக்கியில் சாத்தல் ஹூயுக் மாதிரி ஊர்கள் வந்தன. சுமார் 9,000 வருடத்துக்கு முந்தைய ஊர் அது, வீட்டோடு வீடு ஒட்டி இருக்கும், கூரை வழியாக ஏணியில்தான் உள்ளே இறங்கணும், செத்தவர்களை வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். விவசாயம் வந்த பிறகுதான் பெரிய கட்டுமானம் என்று பையன் எழுதினால் நிறுத்துங்கள், அதே துருக்கியில் கோபெக்லி தெபேயில் 11,000 வருடத்துக்கு முன்பே, பயிர் வைக்காத ஆட்கள் பெரிய பெரிய கல்தூண்களை நட்டிருக்கிறார்கள்.

உங்கள் பையனுக்கு இங்கிலீஷ் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பொருளைப் பார்த்து அதிலிருந்து மேலே யோசிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு நம்மூரே போதும். கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், ஆட்டுப்பட்டி போட்டிருந்து வேறிடம் மாற்றிய பிறகு, இங்கே பட்டி இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேளுங்கள். புழுக்கை, குளம்படி, படல் நட்ட குழி என்று கடகடவென்று சொல்வான். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் புதிய கற்காலத்துச் சாம்பல் மேடுகள் இருக்கின்றன, மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்தது, அதை வைத்துத்தான் அங்கே மந்தை கட்டியிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவன் சொன்னதும் அவர்கள் செய்ததும் ஒரே வேலைதான்.

நம்ம பக்கம் என்ற பாசத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலை மட்டும் பையனின் கட்டுரைக்குள் நுழைக்க வேண்டாம். நேற்றுதான் போய் வந்தேன், நொய்யல் கரையில் நின்றால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இரும்பு உருக்கியவர்கள், சூதுபவளத்தில் மணி செய்தவர்கள் ஊர், இவன் எழுதும் காலத்துக்குப் பல ஆயிரம் வருடம் பிந்தியது. வணிகம் பற்றிய பாடம் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரமே டீச்சரை டியூட்டோரியல் நேரத்தில் (பள்ளியிலேயே டீச்சர் சந்தேகம் தீர்க்க ஒதுக்கும் நேரம்) போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், எதற்கு எத்தனை மார்க் என்று சொல்லும் ரூப்ரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மார்க் போனது என்று கேட்கட்டும், திருத்தி எழுதித் தரலாமா என்றும் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். நான் அடுத்த வாரம் திரும்புகிறேன், ஊத்துக்குளி நெய் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்க.