தம்பிக்கு எப்போது சொல்லப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 45 வயது முடிந்துவிட்டது. குடல் பரிசோதனை செய்துகொள்ளும் வயது வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து மனம் சின்ன வயதையே சுற்றி வருகிறது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து மழை பார்த்தது, அவர் சட்டையின் வாசம், கடைசியில் அவர் மெலிந்துகொண்டே போனது. 47 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சில மாதங்களில் போய்விட்டார். அப்போது எனக்கு 11 வயது. தம்பிக்கு 4 வயது. அப்பா எதனால் இறந்தார் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். வயதாவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பரிசோதனையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா? இந்த நினைவுகளிலிருந்து எப்படி மீள்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அப்பாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி. போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

உங்கள் கணக்குப்படி தம்பிக்கு இப்போது 38 வயது. ஏதோ ஒரு காய்ச்சலுக்கோ வயிற்று வலிக்கோ அவர் மருத்துவரிடம் போகிறார் என்று வையுங்கள். "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்கிறார். தான் சொல்வது தவறு என்று அவருக்கே தெரியாது. அந்த "இல்லை"க்குப் பொறுப்பு நீங்களும் உங்கள் அம்மாவும்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மருத்துவரிடமாவது அப்பாவைப் பற்றிச் சொன்னீர்களா? 45 வயதில் வரச் சொன்னதைப் பார்த்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. 45 என்பது குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர்களுக்கான வயது. முன்பு 50 என்று இருந்ததை, இளவயதில் இந்த நோய் வருவது கூடிக்கொண்டே போனதால், அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் 45 ஆகக் குறைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் வந்திருந்தால் கணக்கே வேறு. 40 வயது ஒன்று. அவருக்கு நோய் தெரிந்த வயதில் பத்தைக் கழித்தால் வருவது இன்னொன்று. இரண்டில் எது முந்தியதோ அந்த வயதில் கொலோனோஸ்கோபியை, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையை, தொடங்க வேண்டும். பிறகு பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

அப்பாவுக்கு 47. பத்தைக் கழியுங்கள். 37.

தள்ளிப்போடலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஏற்கெனவே எட்டு வருடம் தள்ளிப்போட்டாகிவிட்டது. தம்பிக்கு ஒரு வருடம்தான் தாண்டியிருக்கிறது. அதனால்தான் இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. குடலின் உள்சுவரில் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து வருடம்போல எடுத்துக்கொள்ளும். இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, வலிக்காது. கொலோனோஸ்கோபியில் அதைப் பார்த்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், வரவிடாமலே செய்யக்கூடிய பரிசோதனை இது. அப்படி ஒரு வாய்ப்பு இருக்கும்போது தம்பியிடம் அதை மறைத்து வைப்பது எந்த வகைப் பாசம்?

50 வயதுக்கு முன்பே இந்த நோய் வந்த குடும்பம் என்றால், லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிற பரம்பரைக் கோளாறு இருக்குமோ என்றும் மருத்துவர்கள் யோசிப்பார்கள். இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஆபத்தும் அதில் கூடும். மரபணுச் சோதனை தேவையா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு வருவோம். கணவரைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். வாயை மூடிக்கொண்டதால்தான் அவரால் அந்த நாட்களைக் கடக்க முடிந்தது என்றால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் இப்போது 11 வயதுக் குழந்தை இல்லை. பெரியவர் மனம் நோகக் கூடாது என்பதும் கடமைதான். தம்பியின் உயிர் அதற்கு மேல். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். எந்த வயதில் முதலில் தொந்தரவு தொடங்கியது, மருத்துவர்கள் என்ன சொன்னார்கள், அப்பாவுடன் பிறந்தவர்கள் யாருக்காவது இருந்ததா, பழைய காகிதம் ஏதாவது பத்திரமாக இருக்கிறதா. இவை தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவருக்கும் வயதாகிறது. அவர் அழுதால் அழட்டும், கூடவே இருங்கள். பேசவே மறுத்தாலும் தம்பியிடம் சொல்வதை நிறுத்தாதீர்கள்.

நினைவுகளிலிருந்து மீள்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எதற்கு மீள வேண்டும்? தோளில் உட்கார்ந்து மழை பார்த்த அப்பா உங்களுக்கு இருக்கிறார். தம்பிக்கு அதுவும் இல்லை. நோயைச் சொல்லும்போது அந்த மழையையும் சட்டை வாசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்தனை வருடம் அவருக்குச் சேர வேண்டியதை நீங்கள் ஒருவரே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லாமல் நேரில் வரச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் போகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றாலும் நாள் குறித்துவிடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. முந்தின நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் இதில் சிரமமான பகுதி. பரிசோதனைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தருவார்கள் என்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, வீட்டுக்குக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். தம்பிக்கு நீங்கள் போங்கள். உங்களுக்கு அவர் வரட்டும்.